தக்காளிக் காய் அடியில் கருக்குது: முட்டை ஓடு, மீன் அமிலம், போராக்ஸ், உப்புத் தண்ணீர்

21.02.2025 காலை. கேள்வி, கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி

வீட்டுப் பின்பக்கம் 30 தக்காளிச் செடி வெச்சிருக்கேன். முழுக்க இயற்கை முறைதான். முட்டை ஓட்டுத் தூள், வாழைப்பழத் தோல் ஊறின தண்ணி, கடலைப் புண்ணாக்குக் கரைசல், போன வாரத்திலிருந்து எப்சம் உப்பும் கொடுக்கிறேன். செடி கருகருன்னு இடுப்பு உயரம் வந்துடுச்சு. ஆனா முதல் கொத்துல வந்த காய் எல்லாம் அடியில கருத்து, தோல் மாதிரி உள்ளே அமுங்கிப் போகுது. இயற்கை உரத்துல நுண்ணூட்டம் பத்தலைன்னு நினைக்கிறேன். எந்தக் கலவை வாங்கலாம் அக்கா?

21.02.2025 மதியம்

இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க தம்பி. எப்சம் உப்பை இன்றோடு நிறுத்துங்க. அது மக்னீசியம் சல்பேட். உங்க காய்க்குக் கிடைக்காமல் போனது கால்சியம், நம்ம பேச்சில் சுண்ணாம்புச் சத்து. மண்ணில் மக்னீசியமும் பொட்டாசியமும் கூடிப்போனால் வேர் கால்சியத்தைக் குறைவாகத்தான் எடுக்கும். இல்லாத சத்தைக் கொடுக்கிறோம் என்று நினைத்து இருக்கிற வழியையும் அடைக்கிறீங்க.

கருத்த காய் தேறாது. பறித்துப் போட்டுவிடுங்க, செடிக்கு அந்தப் பாரம் வேண்டாம். புண்ணாக்குக் கரைசல் எத்தனை நாளைக்கு ஒருமுறை? தண்ணீர் எங்கிருந்து?

21.02.2025 இரவு

சாயங்காலம் அடுப்படியில் இருந்தபோதுதான் இதை எப்படிச் சொல்லலாம் என்று தோன்றியது.

நான் கடலை போடுகிற வீட்டில் பிறந்தவள். விருத்தாசலம் பக்கம் கடலைக்கு 40, 45 நாளில் மண் அணைக்கும்போது ஜிப்சம் (சுண்ணாம்புச் சத்து உள்ள கனிமத் தூள்) போடுவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏக்கருக்கு 160 கிலோ. ஏன் அந்த நேரத்தில்? கடலையின் ஊசி மண்ணுக்குள் இறங்கிக் காயாகும்போது, காய் தன் தோல் வழியாகவே மண்ணிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சும். அதனால் ஜிப்சம் காய்க்குப் பக்கத்தில் இருந்தால் போதும், பருப்பில்லாத பொக்குக் காய் விழாது.

தக்காளிக் காய் அந்தரத்தில் தொங்குகிறது. அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, வேர் இழுக்கும் தண்ணீரோடு தண்டு வழியாக ஏறித்தான் வரணும். தண்ணீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அந்தப் பக்கம்தான் ஓடும். அது இலை. காயின் தோலில் மெழுகு பூசினாற்போல் இருக்கும், அதில் ஆவியாவது ரொம்பக் கொஞ்சம். ஆக, இலை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மிச்சம்தான் காய்க்கு. அந்த மிச்சத்திலும் கடைசிப் பந்தி காயின் அடிமுனை. கருப்பு அங்கேயே விழுவதற்குக் காரணம் அதுதான்.

ஒரு நாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால், மண்ணில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு இருந்தாலும் காய்க்குப் போய்ச் சேராது.

22.02.2025

தம்பி பதில் போட்டிருக்கார். புண்ணாக்குக் கரைசல் வாரத்துக்கு இரண்டு முறை, சொம்புக் கணக்கில். போர் தண்ணீர். வேலைக்குப் போவதால் சில நாள் தண்ணீர் விடுவதில்லை.

"கருகருன்னு இருக்கு" என்று எழுதினபோதே சந்தேகம் வந்தது. தக்காளி இலை அளவுக்கு மீறிக் கரும்பச்சையாக, தண்டு விரல் மொத்தத்துக்கு வந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இலை கூடக்கூட, தண்ணீரும் சுண்ணாம்புச் சத்தும் அந்தப் பக்கமே போகும். இயற்கை உரம் என்பதால் மிஞ்சாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து நூற்றுக்கு ஏழு இருக்கு, எருவைப் போல் பத்து மடங்கு. இப்போதைக்கு அதை நிறுத்துங்க.

கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் இலையில் தெளித்தால் சீக்கிரம் கேட்கும்.

23.02.2025

நேற்று கடைசி வரியில் அவசரப்பட்டுவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். இலையில் விழுந்த கால்சியம் இலையிலேயே உட்கார்ந்துவிடும், அங்கிருந்து காய்க்கு நகராது. தெளிக்கிறதானால் பட்டாணி, கோலிக்குண்டு அளவில் இருக்கிற பிஞ்சின் மேலேயே படணும். காய் பெருக்க ஆரம்பிக்கிற அந்த இரண்டு வாரத்தில்தான் குறை உள்ளே விழுகிறது, நம் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிவது பிறகு. முழு இயற்கை முறை என்று உறுதியாக இருக்கிறவர்களுக்கு இந்த உரம் ஒத்துவராது என்பதையும் நேற்றே சொல்லியிருக்கணும்.

25.02.2025

முட்டை ஓட்டைப் பற்றி இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கீங்க.

முந்தின வருஷம் நானும் போட்டேன். ஓட்டை அலசிக் காயவைத்து, அம்மியில் நொறுக்கி, குழிக்கு ஒரு கைப்பிடி. எட்டு மாதம் கழித்து அதே பாத்தியை வெங்காயத்துக்குக் கொத்தினபோது மண்வெட்டியில் வெள்ளை வெள்ளையாக வந்தது. எடுத்து விரலில் வைத்துப் பார்த்தேன். விளிம்புகூட மழுங்கவில்லை, நேற்று உடைத்தது போல் கீறியது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். புளிப்பு மண்ணில் கரையும், அதுவும் மாவாக இருந்தால். நம்ம பக்கத்து மண் பல இடத்தில் காரம்தான், அதில் வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

"நான் போட்டேன், இரண்டாவது கொத்திலேயே சரியாயிடுச்சு" என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. முதல் கொத்துக் காய்களில்தான் இது அதிகம் வரும். வேர் ஓடி, செடி நிலைத்துவிட்டால் அடுத்தடுத்த கொத்துகளில் பல நேரம் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் நாம் எதைப் போட்டிருந்தோமோ அதற்குப் பேர் கிடைக்கிறது. நானும் இரண்டு வருஷம் இப்படி நம்பினவள்தான், ஓடு போடாத பாத்தியிலும் அதே நேரத்தில் சரியானதைப் பார்க்கிற வரைக்கும்.

ஓட்டைப் பயன்படுத்தித்தான் ஆகணும் என்றால் வறுத்துத் தூளாக்கி வினிகரில் போடுங்க. நுரைத்துப் பொங்கும், நுரை அடங்கினதும் தெளிவை எடுத்து நிறையத் தண்ணீர் சேர்த்து வேரில் விடலாம். அதில் கரைந்த கால்சியம் இருக்கும். ஒரு முட்டை ஓட்டில் இருப்பது சுமார் 2 கிராம். 30 செடிக்கு எத்தனை முட்டை ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்க.

வெற்றிலைச் சுண்ணாம்புத் தெளிநீரை இலையில் அடிக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். கடுங்காரம், இலை பொசுங்கும்.

02.03.2025

முதுநகர் தம்பியின் கொல்லைக்கு நேரிலேயே போய்விட்டு வந்தேன். துறைமுகத்தில் மீன் கழிவு எடுக்க எப்படியும் அந்தப் பக்கம் போகிறவள்தான்.

குழாயடியில் கை கழுவினேன், சோப்பு நுரைக்கவே இல்லை. செடித் தொட்டி இரண்டு இருந்தது, விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்தால் உப்பு. உப்பனாறு கூப்பிடு தூரத்தில் இருக்கு. பிறகென்ன, போரில் உப்பேறியிருக்கு.

21-ந் தேதி நான் தண்ணீரின் அளவைப் பற்றியே பேசினேன், தரத்தைப் பற்றிக் கேள்வியாகக் கேட்டதோடு விட்டுவிட்டேன். உப்புத் தண்ணீரில் வேருக்குத் தாகம் தீராது. பக்கத்தில் தண்ணீர் நிற்கும், உறிஞ்ச முடியாது. தண்ணீர் ஏறவில்லை என்றால் சுண்ணாம்புச் சத்தும் ஏறாது. மண்ணின் உப்பு அளவு, இ.சி. என்று பரிசோதனைத் தாளில் வரும், 2.5 தாண்டினால் தக்காளி விளைச்சல் இறங்கத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் கிட்டத்தட்ட 10 சதவீதம் போகும். இதில் எந்த நுண்ணூட்டக் கலவையைக் கொட்டினாலும் அதுவும் உப்புக் கணக்கில்தான் சேரும்.

அவரிடம் சொன்னது இவ்வளவுதான். நகராட்சித் தண்ணீரைப் பிடித்துப் போர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துக்குங்க. தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு விடுங்க. செடியடியில் நாலு விரல் கனத்துக்கு வைக்கோலோ காய்ந்த சருகோ போடுங்க. முடியாத நாளில் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்க. அவங்க அங்கேயே நின்று, "நான் ஊத்தமாட்டேன்னா சொன்னேன், இவன்தான் என்னைத் தொடவே விடமாட்டான்" என்றாங்க.

03.03.2025

உப்புத் தண்ணீரில் ஒரு நல்லதும் இருக்கு. காய் சிறுக்கும், ஆனால் ருசி ஏறும். தம்பி வீட்டில் தப்பின நாலு காயில் ஒன்றை அங்கேயே கடித்துப் பார்த்தேன், அப்படி ஒரு தித்திப்பும் புளிப்பும். என் கொல்லைக் காய் அதற்குப் பக்கத்தில் வராது. ருசிக்கு உரம் எது என்று கேட்கிறவர்கள் இதையும் யோசிங்க: காய் பழுக்கிற நேரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டால் எந்த உரம் போட்டாலும் பழம் சப்பென்றுதான் இருக்கும்.

09.03.2025

இப்போது போரான். இதை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், என் கையாலேயே செய்த தப்பு என்பதால்.

தக்காளிக்கு போரான் அவசியம்தான். குறைந்தால் கொழுந்து உடையக்கூடியதாக ஆகும், காம்பைத் தொட்டால் சட்டென்று முறியும், காயில் தக்கை போல வடு விழும், வெடிக்கும், பூ நிற்காது. மணல் மண்ணில் மழை பெய்து பெய்து போரான் அடியில் இறங்கிப் போய்விடும், கடலோரத்தில் இது சகஜம். வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்கு போராக்ஸ் (போரான் தருகிற உப்பு) 10 கிலோ, துத்தநாக சல்பேட் 50 கிலோ, இரண்டும் அடியுரமாக. ஏக்கருக்கு 4 கிலோ, 20 கிலோ. சென்ட்டுக்கு போராக்ஸ் 40 கிராம்தான்.

2024 ஆடிப் பட்டத்தில் கொல்லையின் மேற்கு மூலையில் 2 சென்ட்டில் மட்டும் தக்காளி வைத்தேன். வேண்டியது 80 கிராம். வாங்கினது ஒரு கிலோ பொட்டலம். உப்பு மாதிரி வெள்ளையாக, பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. மிச்சம் வைத்தால் ஈரம் கோத்துவிடும் என்று முழுப் பொட்டலத்தையும் நட்ட செடிகளைச் சுற்றித் தூவித் தண்ணீர் விட்டேன். ஒன்பதாம் நாள் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகி, பிறகு காப்பித் தூள் நிறத்துக்குக் காய்ந்தது. ஓரம் மட்டும், யாரோ ஊதுவத்தியை வைத்து இலையைச் சுற்றிக் கோடு இழுத்தது போல். நடுவில் பச்சை அப்படியே இருந்தது. நோய் என்று நினைத்து வேறு மருந்து அடித்தேன். அதற்குள் பாதிச் செடி போய்விட்டது.

மற்ற சத்துகளில் கொஞ்சம் கூடினால் செடி தாங்கும். போரானில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி ரொம்பக் குறுகல். தயவுசெய்து தராசு இல்லாமல் போராக்ஸைத் தொடாதீங்க. நகை எடை போடுகிற சின்னத் தராசு வாங்கிவைத்திருக்கேன் இப்போது. மாடித் தோட்டத்துக்குத் தெளிக்கிறவர்கள் லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் போக வேண்டாம், அதுவும் பூக்கும்போது ஒருமுறை, தேவை என்று தெரிந்தால் மட்டும்.

10.03.2025

தேவை என்று எப்படித் தெரியும்? நல்ல கேள்வி. முதலில் எந்த இலை என்று பாருங்க. தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), மக்னீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும், ஆகவே அடி இலை முதலில் வெளுக்கும். கால்சியம், போரான், இரும்பு இதெல்லாம் ஒருமுறை ஓரிடத்தில் சேர்ந்தால் நகராது, ஆகவே கொழுந்தும் இளங்காயும் முதலில் கேட்கும். அடி இலையில் நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக இருந்தால் மக்னீசியம். அதே கோலம் கொழுந்தில் வந்தால் இரும்பு.

அந்த இரும்பிலும் ஏமாறலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாறு கரை மீறினது கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் 40 சென்ட் நெல்லிக்குப்பத்துக்குக் கிழக்கே ஆற்றோரம். முழங்கால் வரை வண்டல் ஏறிக் கிடந்தது சில இடத்தில். பொங்கலுக்கு முன்னால் ஒருவழியாகக் கிளறி நாற்று நட்டேன், கொழுந்தெல்லாம் எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்தது. இரும்புக் குறை என்று ஃபெரஸ் சல்பேட் வாங்கிவந்து வைத்தேன். மறுநாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, வாடை அடித்தது. வண்டல் இறுகி வேருக்குக் காற்றே இல்லை. வரிசைக்கு நடுவே கொத்திவிட்டு மண்ணை ஆறவிட்டேன். பத்து நாளில் பச்சை திரும்பியது. ஃபெரஸ் சல்பேட் பை இன்னும் பிரிக்காமல் பரண் மேல் இருக்கு.

11.03.2025

கொழுந்து சுருண்டு, குட்டையாகி, கிண்ணம் போல் மடங்கினால் அது பெரும்பாலும் இலைச்சுருள் நச்சு. வெள்ளை ஈ கொண்டுவருவது. துத்தநாகக் குறை என்று நினைத்து நுண்ணூட்டம் அடித்துக்கொண்டே இருந்தால் பணமும் போகும், பக்கத்துச் செடியும் போகும். பிடுங்கி அழிங்க. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இதைத் தாங்கும் கலப்பின ரகம். எங்க வீட்டில் ரசத்துக்குப் பி.கே.எம். 1 தான் வேண்டும் என்பதால் நான் மாறவில்லை. பெரியகுளத்தில் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து எடுத்தது, காம்படியில் பச்சையாக இருக்கும், அந்தப் புளிப்பு கலப்பினத்தில் வராது.

18.03.2025

மீன் அமிலம் செய்முறை கேட்டவர்களுக்கு. மத்தி, கவளைத் தலை, குடல், செதில் எது கிடைத்தாலும் எடைக்கு எடை நாட்டு வெல்லம். பிளாஸ்டிக் வாளியில் அடுக்கி, காற்றுப் போகாமல் மூடி, நிழலில் 25 நாள். நடுவில் திறக்காதீங்க. முடிந்ததும் தேன் பதத்தில் பழ வாடை வரணும். அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் பத்தவில்லை. 10 லிட்டர் டேங்குக்கு 50 மில்லி போதும். நான் முதல்முறை வாளி மூடியில் கல் வைக்க மறந்தேன். தெருப் பூனை அத்தனையும் ராத்திரி முழுக்கக் கொல்லையில் சபை கூட்டினதில் மாமியார் தூங்காமல் உட்கார்ந்து, காலையில் வாளிக்கு மேல் ஆட்டுக்கல்லையே தூக்கி வைத்துவிட்டாங்க.

இது வளர்ச்சிக்கு. நாற்று நட்ட 15 நாளிலிருந்து பூ வரும்வரை, பத்து நாளைக்கு ஒருமுறை. காய் பிடித்த பிறகு கொடுத்தால் புண்ணாக்கு கதைதான். பஞ்சகவ்யம் 10 லிட்டருக்கு 300 மில்லி, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பின கணக்கு, நானும் அதே அளவில் அடிக்கிறேன். இலை பளபளப்பதும் பூ கூடுவதும் கண்ணால் பார்த்தது. ஆனால் அதில் உள்ள சத்தின் எடை ரொம்பக் கொஞ்சம். ஏக்கருக்கு 10 டன் எருவின் வேலையைத் தெளிப்பு செய்யாது. எரு இல்லாமல் கரைசல்களை மட்டும் நம்பின வருஷம் எனக்குக் காய் எலுமிச்சை அளவுக்கு மேல் வரவில்லை.

19.03.2025

ஒரே டேங்கில் எல்லாவற்றையும் கலக்கிறவர்கள் கவனிக்க. கால்சியம் நைட்ரேட்டும் எப்சம் உப்பும் கெட்டியாகச் சேர்ந்தால் ஜிப்சமாக அடியில் படியும், நாசில் அடைக்கும். துத்தநாக சல்பேட்டும் மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யும் சேர்ந்தால் இரண்டுமே செடிக்கு உதவாது.

"எல்லாச் சத்தும் உண்டு" என்று ஒரு கடையில் கொடுத்த பாட்டில் என்னிடமும் இருக்கு. துத்தநாகம் எத்தனை சதவீதம், போரான் எத்தனை என்று தேடினேன். தக்காளிப் படம் மட்டும் பெரிதாக இருக்கு. சதவீதம் அச்சிடாத பாட்டிலை வாங்காதீங்க. மண்ணைப் பரிசோதித்த தாளை வைத்துக்கொண்டு பேசினால் கடைக்காரரும் மரியாதையாகப் பேசுவார். சந்தேகம் தீரவில்லை என்றால் செடியை வேரோடு எடுத்துக்கொண்டு பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்க, புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு.

30.03.2025

முதுநகர் தம்பியிடமிருந்து படம் வந்திருக்கு. மூன்றாம் கொத்தில் ஏழு காய், ஏழும் சுத்தம். நாலாம் கொத்தில் ஒன்று மட்டும் லேசாக. அந்த வாரம் இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லையாம். நுண்ணூட்டம் எதுவும் வாங்கவில்லை. அவர் அம்மாதான் தினமும் விடுகிறாங்களாம்.

நான் முன்னால் சொன்னதையும் மறக்கவில்லை, கொத்து ஏறஏறத் தானாகவும் சரியாகும். ஆனால் தண்ணீர் நின்ற வாரத்துப் பிஞ்சில் மட்டும் திரும்பி வந்ததைப் பார்த்தபிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

08.05.2025

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. "பூ கொட்டுது, எந்த நுண்ணூட்டம்", "பழம் சிவக்காம ஆரஞ்சாவே நிக்குது, பொட்டாஷ் போடவா" என்று ஒரே நாளில் ஐந்து கேள்வி. ராத்திரி வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரத்தான் செய்யும். சிவப்பு தருகிற லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் உருவாகாமல் தடைப்படும், மஞ்சள் நிறமி மட்டும் வரும். நிறம் திரும்பினதும் பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்தால் நன்றாகச் சிவக்கும். சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், குறைந்தால் பழத்தின் காம்பைச் சுற்றின தோள்பட்டை மஞ்சளாகத் திட்டுத் திட்டாக நிற்கும், அது வேறு கோலம். விறகுச் சாம்பல் போடுகிறவர்கள் கார மண்ணில் போடாதீங்க, காரம் இன்னும் ஏறும். உப்புத் தண்ணீர்க்காரர்கள் மூரியேட் பொட்டாஷை (பொட்டாசியம் குளோரைடு) தவிர்த்து சல்பேட் ஆப் பொட்டாஷ் எடுங்க.

மே மாசத்துப் பூவுக்காகக் காசு செலவழிக்காதீங்க. பச்சை நிழல்வலை கட்ட முடிந்தால் கட்டுங்க, இல்லையென்றால் செடியை எடுத்துவிட்டு மண்ணைக் காயப் போடுங்க.

24.06.2025

தக்காளி முழுக்கப் பிடுங்கியாச்சு. இரண்டு மழை கிடைத்தது, 40 சென்ட்டிலும் பாசிப்பயறு விதைத்தேன். மேற்கு மூலை 2 சென்ட்டிலும் சேர்த்தே. போரான் மிஞ்சினால் தக்காளியைவிடப் பாசிப்பயறு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும், அதற்காகவே அங்கேயும் போட்டேன். இன்று காலையில் பனியோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரிசையாக அடி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று இலை விட்டிருக்கு. ஓரம் பச்சையாகவே இருக்கு.